தீப்பொறி ஸ்விட்ச்: காகிதத்தில் ஒரு முதல் வடிவமைப்பு

விளக்கை அணைக்கும்போது ஸ்விட்சுக்குள் சில சமயம் சிறு பொறி ஒன்று தெறிக்கும். அங்கே அது வேண்டாத விருந்தாளி. சேர்த்துவைத்த மின்னாற்றலை ஒரே கணத்தில் கொட்டும் உயர்திறன் துடிப்பு மின்சுற்றிலோ அந்தப் பொறிதான் ஸ்விட்ச். மைக்ரோநொடிக் கணக்கில் ஆயிரக்கணக்கான ஆம்பியரைப் பாயவிட, உலோகத்தை நகர்த்தித் தொடவைக்க நேரமில்லை. இடையிலுள்ள வாயுவையே கம்பியாக்கிவிடுகிறோம்.

இந்தப் பயிற்சிக்குக் காகிதமும் பென்சிலும் போதும். இங்கே வரும் மின்தேக்கி ஒரே தொடுகையில் உயிரை எடுக்கும். பழகியவர் துணையின்றி எவரும் செய்து பார்க்க வேண்டாம்.

படி 1: எவ்வளவு பாயும்?

1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 20 கிலோவோல்ட் வரை ஏற்றினால் 200 ஜூல் சேரும். சுற்றின் மொத்த மின்தூண்டல் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் தன்மை) 1 மைக்ரோஹென்றி என்று வையுங்கள். மின்தேக்குத்திறனை மின்தூண்டலால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, மின்னழுத்தத்தால் பெருக்குங்கள். மின்தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உச்சத்தில் 20,000 ஆம்பியர். அந்த உச்சத்தைத் தொட ஏறத்தாழ ஒன்றரை மைக்ரோநொடி.

படி 2: இடைவெளி எவ்வளவு?

சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், மின்புலம் சீராக இருந்தால், 1 சென்டிமீட்டர் காற்று சுமார் 30 கிலோவோல்ட்டில் முறியும், அதாவது தடுப்பதை விட்டுவிட்டு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். நமக்கு வேண்டியது 20. ஆகவே 1 சென்டிமீட்டர் வைத்தால் முறிவு மின்னழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கில் நிற்கிறோம். இன்னும் நெருக்கினால் நாம் சொல்வதற்கு முன்பே வெடித்துவிடும். ரொம்பத் தள்ளி வைத்தால் சொன்னாலும் கேட்காது.

இங்கே பாஷன் விதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1889-இல் வந்த இந்த விதி சொல்வது இதுதான்: முறிவு மின்னழுத்தம் வாயுவின் அழுத்தத்தையோ மின்முனைகளுக்கு இடையிலான தூரத்தையோ தனித்தனியாகப் பார்ப்பதில்லை, இரண்டின் பெருக்கலைப் பார்க்கிறது. அந்தப் பெருக்கல் குறையக் குறைய முறிவு மின்னழுத்தமும் இறங்கி, காற்றில் சுமார் 330 வோல்ட்டில் அடிமட்டத்தைத் தொடும். அதற்கும் கீழே போனால் மறுபடி ஏறுகிறது! காரணம் எளிது: மூலக்கூறுகள் அரிதாகிவிடுவதால், ஓடும் எலெக்ட்ரான் எதிலும் மோதாமலே மறுகரை சேர்ந்துவிடுகிறது. இதை வரைபடமாக்கினால் இறங்கி ஏறும் வளைவு ஒன்று கிடைக்கும், நம் தீப்பொறி ஸ்விட்ச் அந்த வளைவின் வலப்பக்கத்தில் வாழ்கிறது. குறைந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் நிரப்பிய குழாய் ஸ்விட்சான தைரட்ரான் இடப்பக்கத்தில். நொடிக்கு ஆயிரம் தடவை சுடவேண்டும் என்றால் தைரட்ரானைத்தான் நாடுவார்கள். ஊதிக் குளிர்விக்காத காற்றுப் பொறி பழைய நிலைக்குத் திரும்பவே பல மில்லிநொடிகள் பிடிக்கும்.

படி 3: வாயு

உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ போதும். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு காற்றைவிட இரண்டரை மடங்கு தாங்கும். ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் வல்லது. பொறியில் சிதைந்தால் நச்சுப் பொருள்களும் வரும். தொடக்கநிலையில் அதன் பக்கமே போகவேண்டாம் என்பேன்.

படி 4: சொன்ன நேரத்தில் சுடவைத்தல்

வேலையே இதில்தான். ட்ரிகட்ரான் என்ற அமைப்பில் ஒரு மின்முனையின் நடுவே துளையிட்டு, காப்புப் பொருள் சுற்றிய ஊசியைச் செருகியிருப்பார்கள். ஊசிக்குச் சில கிலோவோல்ட் துடிப்பு கொடுத்ததும் ஊசிக்கும் துளை விளிம்புக்கும் நடுவே குட்டிப் பொறி ஒன்று விழும். அதன் புற ஊதா ஒளியும் குலைந்த மின்புலமும் சேர்ந்து பெரிய இடைவெளியை முறித்துவிடும். கட்டளைக்கும் முறிவுக்கும் இடையிலுள்ள தாமதத்தைவிட, அந்தத் தாமதம் சுடுகைக்குச் சுடுகை மாறுவதுதான் தலைவலி. பல ஸ்விட்சுகள் ஒன்றாகச் சுடவேண்டிய இடத்தில் ஒன்று பிந்தினாலும் கணக்கு கெட்டுவிடும்.

படி 5: மின்முனை

விளிம்புகளை உருட்டுங்கள், கூர்மை இருந்தால் புலம் அங்கே குவியும். பயன்படுத்திய பித்தளை மின்முனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரியும். அந்தக் குழிகளின் விளிம்புகளே மெல்ல மெல்ல முறிவு மின்னழுத்தத்தை மாற்றிவிடும். அதிக நாள் உழைக்கவேண்டுமென்றால் டங்ஸ்டன்-செம்புக் கலவை.

படி 6: மிச்சத்தை வடித்தல்

மின்தேக்கிக்குக் குறுக்கே 10 மெகாஓம் மின்தடை போட்டால் 50 நொடியில் காலியாகிவிடும் என்று பலர் எழுதிவைப்பார்கள். கணக்குப் போடுங்கள்: அப்போதும் சுமார் 135 வோல்ட் மிஞ்சும். முழு மின்னழுத்தத்தில் அந்தத் தடையில் 40 வாட் எரியும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முழுதாக வடித்த பின்னும் மின்காப்புப் பொருளில் ஒளிந்திருக்கும் மின்னேற்றம் திரும்பிவரும். அதனால் வடித்து முடித்ததும் இரு முனைகளையும் கம்பியால் இணைத்து, அந்தக் கம்பியை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.