கிளவுட் போஸ்ட்கிரஸில் மெதுவாக ஓடும் குவெரியைச் சரிசெய்வது எப்படி?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விடியுமுன்பே மல்லிகை மூட்டைகள் இறங்கும், சிட்டை (விற்பனைச் சீட்டு) போடத் தொடங்கிவிடுவார்கள். எடை, விலை, கமிஷன் எல்லாம் கிளவுடில் (இணையம்வழி வாடகைக்கு எடுத்த சர்வரில்) இருக்கும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் பதிவாகும். ஒரு வைகாசி முகூர்த்த நாளில், ஒரு விவசாயியின் கணக்கைத் திறந்தால் திரை சுற்றிக்கொண்டே நின்றது. "தம்பி, பஸ்ஸ விட்டுட்டு நிக்கிறாங்கப்பா" என்று கடைக்கார அண்ணன் கூப்பிட்டார்.

இந்த நேரத்தில் பெரிய சர்வருக்கு மாறத் தோன்றும். மாறாதீர்கள். மாத வாடகை ஏறும், கோளாறு அப்படியே இருக்கும்.

முதலில், எந்தக் குவெரி (டேட்டாபேஸிடம் நிரல் கேட்கும் கேள்வி) நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். அதற்கு, ஓடிய குவெரிகளின் நேரத்தைக் கணக்கு வைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் (pg_stat_statements) என்ற எக்ஸ்டென்ஷன் (கூடுதல் இணைப்பு) இருக்கிறது. மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். 20 மில்லி விநாடியில் முடியும் குவெரி ஒரு லட்சம் முறை ஓடினால் 2,000 விநாடி ஆகிறது.

அடுத்து, அந்தக் குவெரியின் முன்னால் எக்ஸ்பிளெயின் அனலைஸ் சேர்த்து ஓட்டுங்கள், குவெரி எந்த வழியில் ஓடியது என்று காட்டும் (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், ஓட்டும்போது ஆங்கிலத்தில் எழுதுங்கள்):

எக்ஸ்பிளெயின் அனலைஸ் செலக்ட் * ஃப்ரம் சிட்டை வேர் விவசாயி_எண் = 412 அண்ட் டேட்(பதிவு_நேரம்) = '2025-05-28';

கவனம், இது குவெரியை நிஜமாகவே ஓட்டும். அப்டேட், டெலீட் என்றால் முன்னால் பிகின், பின்னால் ரோல்பேக் கட்டாயம், அப்போதுதான் மாற்றம் ரத்தாகும்.

எனக்கு வந்த பதிலில் சீக் ஸ்கேன் என்று இருந்தது. மூன்று சிட்டைக்காக டேபிள் முழுவதையும் முதல் வரியிலிருந்து படித்திருக்கிறது. சின்ன டேபிளில் அது தவறே இல்லை, லட்சக்கணக்கான வரிகள் சேர்ந்த பிறகுதான் வலிக்கும். சரி, புத்தகத்தின் பின்னால் இருக்கும் அட்டவணைபோலத் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போடலாம்:

கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி ஆன் சிட்டை (விவசாயி_எண், பதிவு_நேரம்);

சமக்குறியில் தேடும் நெடுவரிசை முதலில், இத்தனை முதல் இத்தனை வரை என்று தேடுவது அடுத்து. கன்கரன்ட்லியை விட்டுவிட்டால் இண்டெக்ஸ் முடியும்வரை புதுச் சிட்டை எதுவும் பதிவாகாது. மார்க்கெட் நேரத்தில் அதைச் செய்துவிடாதீர்கள். இந்தக் கட்டளை பிகினுக்குள் ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதோடு வேலை முடியவில்லை. பதிவு_நேரத்தை டேட் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டிருப்பதால், இண்டெக்ஸ் விவசாயி எண்வரைதான் உதவும். அப்புறம் அவருடைய எல்லா நாள் சிட்டைகளையும் புரட்டும். அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் அங்கே இருந்தது. எங்கள் டேட்டாபேஸ் யூடிசி நேரத்தில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) ஓடியது. மதுரையில் அதிகாலை 4 மணி என்றால் யூடிசியில் முந்தின நாள் இரவு 10.30. காலை 5.30-க்கு முன் போட்ட சிட்டையெல்லாம் நேற்றைய கணக்கில் விழுந்தது! ராத்திரியெல்லாம் பூப் பறித்துக் கொண்டுவந்தவருக்குச் சேரவேண்டிய பணம் அது. அந்த நெடுவரிசையின் வகை டைம்ஸ்டாம்ப் டிஇசட் (நேர மண்டலத்தைக் கணக்கில் எடுக்கும் நேரம்) என்றால் இப்படி எழுதுங்கள்:

பதிவு_நேரம் >= '2025-05-28 00:00+05:30' அண்ட் பதிவு_நேரம் < '2025-05-29 00:00+05:30'

வேகமும் கிடைக்கும், கணக்கும் சரியாக வரும்.

மறுபடி எக்ஸ்பிளெயின் அனலைஸ் ஓட்டி இண்டெக்ஸ் ஸ்கேன் வருகிறதா பாருங்கள். மதிப்பிட்ட வரிகளும் உண்மையில் வந்த வரிகளும் ரொம்ப விலகியிருந்தால் டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்க அனலைஸ் சிட்டை என்று ஒருமுறை ஓட்டுங்கள். நெடுவரிசைக்கு ஒரு இண்டெக்ஸ் என்று அடுக்க வேண்டாம், ஒவ்வொரு புதுச் சிட்டையும் அத்தனை இண்டெக்ஸிலும் எழுதப்பட வேண்டும்.

எக்ஸ்பிளெயின் அனலைஸ் சில மில்லி விநாடிதான் காட்டுகிறது, ஆனாலும் திரை மெதுவா? உங்கள் நிரலில் லூப்பைத் தேடுங்கள். 100 விவசாயிக்கு 100 குவெரி அனுப்பினால், மதுரைக்கும் மும்பை சர்வருக்கும் நடுவே 100 தடவை போய்வரும் நேரம் சேரும். எண்களை மொத்தமாகக் கொடுத்து ஒரே குவெரியில் வாங்கிவிடுங்கள்.