பெல்டியர் தகடும் பழைய ஹீட் சிங்க்கும் கொண்டு வெயிலில் மின்சாரம் எடுக்கும் முறை

இரண்டு வெவ்வேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் அவற்றிடையே மின்னழுத்தம் தோன்றும். 1821-ல் தாமஸ் சீபெக் கண்டறிந்த இந்த விளைவை வீட்டிலேயே செய்து பார்க்க இன்று சில நூறு ரூபாய் போதும். சிறிய குளிர்பெட்டிகளிலும் தண்ணீர் குளிரூட்டும் கருவிகளிலும் இருக்கும் டிஇசி1-12706 என்ற பெல்டியர் தகடு, சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களிலும் இணையக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கிறது. மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும் அந்தத் தகடு, ஒரு பக்கத்தைச் சூடாக்கி மறுபக்கத்தைக் குளிர்வித்தால் மின்சாரத்தைத் திருப்பித் தரும்.

எதிர்பார்ப்பை முதலிலேயே சரியாக வைத்துக்கொள்வது நல்லது. ஏ4 தாள் அளவுள்ள சாதாரண சூரியப் பலகை நல்ல வெயிலில் ஏறத்தாழ பத்து வாட் தரும். அதே பரப்பின் வெயிலைக் கொண்டு நாம் செய்யப்போகும் கருவி அரை வாட் தந்தால் வேலை நன்றாக அமைந்தது என்று கொள்ளலாம். 1954-ல் மரியா டெல்கெஸ் என்ற சூரிய ஆற்றல் ஆய்வாளர் தம் ஆய்வுக்கூடத்தில் வில்லையால் வெயிலை ஐம்பது மடங்கு குவித்தே 3.35 விழுக்காட்டுத் திறனை எட்டினார். எனவே மின்கட்டணத்தைக் குறைக்க இதைச் செய்ய வேண்டாம். வெப்பம் எங்கிருந்து எங்கே பாய்கிறது, வழியில் எங்கே வீணாகிறது என்பதைக் கையால் தொட்டு அறிய இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

இதைச் செய்ய முனைபவர்களில் பெரும்பாலோர் சூடான பக்கத்தின் மீதே முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். உண்மையில் வெயிலைக் குவித்துச் சூடேற்றுவது எளிது. தகட்டைக் கடந்து வந்த வெப்பத்தை மறுபக்கத்திலிருந்து உடனே அகற்றுவதுதான் கடினம். தகடு நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. மறுபக்கம் வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் சில நிமிடங்களில் இரு பக்கங்களும் சூடாகி, மின்னழுத்தம் சரிந்துவிடும். கணினிச் செயலியின் விசிறியைப் பூட்டலாம் என்று தோன்றும். ஆனால் அந்த விசிறி ஒன்று முதல் இரண்டு வாட் வரை எடுத்துக்கொள்வதால் வரவைவிடச் செலவு கூடிவிடும். ஆகவே இங்கே குளிர்விப்பது தண்ணீரின் வேலை.

தேவையான பொருள்கள் இவை: ஒரு பெல்டியர் தகடு; அடிப்பாகம் தட்டையாகவும் அறுபது மில்லிமீட்டருக்குக் குறையாத சதுரமாகவும் உள்ள பழைய கணினி ஹீட் சிங்க் (செயலியின் வெப்பத்தை வெளியேற்றும், இறக்கைகள் கொண்ட உலோகக் கட்டி); அதே அளவில் மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புத் தகடு, கிடைக்காவிட்டால் அலுமினியத் தகடு; படிப்பதற்கு உருப்பெருக்கியாக விற்கப்படும் ஏ4 அளவு பிரெனெல் வில்லைத் தாள் (நுண்ணிய வட்ட வரிகளால் ஒளியைக் குவிக்கும் தட்டையான தாள்); தெர்மல் பேஸ்ட் (இரு பரப்புகளுக்கிடையே வெப்பத்தைக் கடத்தும் பசை); துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் நான்கு, அவற்றுக்கு ஸ்பிரிங் வாஷர்களும் ஃபைபர் வாஷர்களும்; வெப்பம் தாங்கும் மங்கலான கறுப்பு சைலன்சர் பெயிண்ட்; சிறிது கண்ணாடிப் பஞ்சு; ஒரு மல்டிமீட்டர்; வாயகன்ற மண்சட்டி ஒன்று.

வேலையைத் தொடங்குமுன் தகட்டைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்து, அதன் சிவப்பு முனையைத் தகட்டின் சிவப்புக் கம்பியிலும் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும் இணைத்து, தகட்டைக் கல் தரையிலோ எஃகுப் பாத்திரத்தின் மீதோ வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். எண் சட்டென்று ஏறும். கையை எடுக்காமலே இருந்தால், அடிப்பக்கமும் மெல்லச் சூடாகி, ஏறிய எண் இறங்கத் தொடங்கும். இந்தக் கருவியின் முழு இயல்பும் அந்த இறக்கத்தில் தெரிகிறது. எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால், நீங்கள் தொட்ட பக்கம் சூடாக இருக்கும்போது சிவப்புக் கம்பி எதிர்முனையாகிறது என்று பொருள். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதை இப்போதே பென்சிலால் குறித்துவிடுங்கள்.

அடுத்து செம்புத் தகட்டின் மேற்புறத்துக்கு மட்டும் கறுப்பு பெயிண்ட் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். அடிப்புறத்தையும் ஹீட் சிங்க்கின் அடித்தளத்தையும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். ஒரு நேர்கோலை அதன் மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியக்கூடாது. பெல்டியர் தகட்டின் இரு பக்கங்களிலும் தெர்மல் பேஸ்டை மெல்லிய படலமாகத் தடவுங்கள். தோசைக்கு மாவு ஊற்றுவதுபோல் தாராளமாகத் தடவினால் அந்தப் பசையே வெப்பத்துக்குத் தடையாகிவிடும். பிறகு ஹீட் சிங்க்கின் மேல் பெல்டியர் தகட்டையும், அதன் மேல் செம்புத் தகட்டையும் வைத்து, நான்கு மூலைகளிலும் திருகுகளைச் செலுத்துங்கள். திருகுகள் பெல்டியர் தகட்டுக்கு வெளியே போக வேண்டும். செம்பிலுள்ள துளைகளைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, திருகின் தலைக்குக் கீழே ஃபைபர் வாஷர் கொடுத்தால், தகட்டின் வழியாகப் போக வேண்டிய வெப்பம் திருகின் வழியாகக் குறுக்கே ஓடிவிடாது. ஒரு மூலையை முழுமையாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். பெல்டியர் தகட்டின் பீங்கான் சாய்வான அழுத்தத்தைத் தாங்காமல் விரிசல் விடும். பெல்டியர் தகட்டின் நான்கு ஓரங்களையும் சிலிக்கோன் பசையால் அடைத்து, இரு உலோகங்களுக்கும் இடையே மீதியுள்ள வெளியில் கண்ணாடிப் பஞ்சைத் திணியுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள், பஞ்சு தோலில் பட்டால் அரிக்கும்.

இந்த அடுக்கை, ஹீட் சிங்க்கின் இறக்கைகள் மட்டும் நீரில் மூழ்கும்படி மண்சட்டியில் நிறுத்த வேண்டும். பூச்சில்லாத சட்டியாக இருந்தால் நீர் கசிந்து ஆவியாகித் தானும் குளிரும். வறண்ட காற்றடிக்கும் ஊர்களில் இதன் பலன் கடலோர ஊர்களைவிட நன்றாகத் தெரியும். பத்து லிட்டர் நீரில் நாற்பது வாட் வெப்பம் ஒரு மணி நேரம் இறங்கினால், ஆவியாவதைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், நீரின் வெப்பநிலை மூன்றரை டிகிரிதான் உயரும். அதனால் சட்டி பெரிதாக இருப்பதே நல்லது.

வில்லைக்கு வருவோம். ஏ4 தாளின் பரப்பில் நண்பகலில் ஐம்பது வாட்டுக்குச் சற்று மேல் நேர்வெயில் விழும். வில்லையில் இழப்பது போக நாற்பது வாட் அளவு கிடைக்கும். இந்தப் பெல்டியர் தகடு அதே அளவு வெப்பத்தைக் கடத்தும்போது அதன் இரு பக்கங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது, ஐம்பத்தைந்து டிகிரி வேறுபாடு ஏற்படும். ஆகவே இதைவிடப் பெரிய வில்லையைத் தேடாதீர்கள். பல மலிவான தகடுகளுக்குள் இருக்கும் ஈயப்பற்று 138 டிகிரியில் உருகும் வகையைச் சேர்ந்தது.

தாள் தொய்யாமல் இருக்க மரச்சட்டத்தில் ஒரு சன்னல் கண்ணாடியைப் பொருத்தி, அதன் அடியில் வரிகள் உள்நோக்கியிருக்கும்படி தாளை ஒட்டுங்கள். தூசி வரிகளில் சேராது. சட்டத்தை இரு பக்கத் தாங்கிகளில் பொருத்தி, செம்புத் தகடு மையமாக இருக்க அதைச் சுற்றித் திரும்பும்படி அமைத்தால், நீரும் சட்டியும் அசையாமலே வில்லையை மட்டும் சூரியனை நோக்கித் திருப்பிக்கொள்ளலாம். ஒளியைப் புள்ளியாகக் குவிக்கக்கூடாது. வில்லையைச் சற்று அருகே கொண்டுவந்து, பெல்டியர் தகட்டின் அளவான நாற்பது மில்லிமீட்டர் சதுரம் முழுவதும் ஒளி பரவும்படி தூரத்தை நிலைப்படுத்துங்கள். சூரியன் மணிக்குப் பதினைந்து டிகிரி நகர்வதால், முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் ஒளித்திட்டு எட்டு நிமிடத்தில் ஒரு சென்டிமீட்டர் விலகிவிடும். எனவே பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். மெல்லிய மேகம் மூடினாலும் வில்லை வேலை செய்யாது, ஏனெனில் சிதறிய ஒளியைக் குவிக்க முடியாது.

வெயிலில் வைக்கும் வரிசையை ஒருபோதும் மாற்றக்கூடாது: முதலில் நீர், பிறகு தகட்டடுக்கு, அதன்பின் வில்லையின் மேலுள்ள துணியை அகற்றுதல். நீரில்லாமல் வெயிலைக் காட்டினால் தகடு சில நிமிடங்களிலேயே கெட்டுவிடும். ஒளித்திட்டை நேராகப் பார்க்காதீர்கள். வெல்டிங் கண்ணாடி அணிவது நலம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வில்லையை மூடாமல் மொட்டைமாடியில் விட்டுவிட்டுக் கீழே இறங்கவே கூடாது.

எல்லாம் சரியாக அமைந்தால் சுமை (மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் பொருள்) எதுவும் இணைக்காத நிலையில் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் காணலாம். அந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், ஒரு ஓம், 2.2 ஓம், 3.3 ஓம், 4.7 ஓம் மின்தடைகளை ஒவ்வொன்றாக இணைத்து மின்னழுத்தத்தை அளந்து, அதன் வர்க்கத்தை மின்தடையால் வகுத்து வாட்டைக் கணக்கிடுங்கள். மின்னழுத்தம் சுமையில்லா அளவில் பாதியாகும் இடத்தில்தான் திறன் உச்சமாக இருக்கும். இந்தத் தகட்டுக்கு அது இரண்டு முதல் இரண்டரை ஓம் அளவில் அமையும். சுமை இணைத்தவுடன் வாட் மிகக் குறைவாக இருந்தால் வில்லையைக் குறை சொல்லாமல், ஹீட் சிங்க்கின் அடித்தளத்தைத் தொட்டுப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால் நீர்ப்பக்கத்தில் கோளாறு. குளிர்ந்தே இருந்தால் பேஸ்டிலோ திருகின் இறுக்கத்திலோ கோளாறு.

கிடைத்த மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாக உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர்கள் விற்கின்றன. ஆனால் கிடைக்கும் அரை வாட்டில் ஒரு பகுதியை அவை விழுங்கிவிடும். இன்னும் எளிய வழி உண்டு. தகட்டின் உச்சத்திறன் ஏறத்தாழ 1.3 வோல்ட்டில் கிடைப்பதால், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டையோடு வழியாக ஒற்றை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலத்தை நேரடியாக மின்னேற்றலாம். டையோடு இல்லாமல் இணைத்துவிட்டு மாலையில் மறந்துபோனால், மின்கலம் தகட்டின் வழியாகத் தலைகீழாக மின்சாரத்தைப் பாய்ச்சி, சட்டி நீரைக் குளிர்வித்துச் செம்பைச் சூடாக்கியபடி, சேமித்ததையெல்லாம் சில மணி நேரத்தில் இழந்துவிடும்.