அடையாள அட்டையின் பின்பக்கத்தை வீணாக்காதீர்கள்

கல்லூரியில் பயிலரங்கு நடத்துகிறவர்கள், கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு பேரின் பெயரையும் செல்பேசி எண்ணையும் அச்சிட்டுக் கொடுங்கள். ஒருவர், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் அந்தக் கல்லூரியின் உள்ளகப் புகார் குழுத் தலைவர் (விசாகா கமிட்டி என்று சொல்வோமே, அதுதான்). இன்னொருவர், நிகழ்ச்சி முடியும்வரை இரவிலும் போனை எடுக்கக்கூடிய ஓர் ஆசிரியை.

நடத்தை விதிகளை மின்னஞ்சலில் அனுப்பினால் மட்டும் போதாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மூத்த ஆய்வாளர், "உங்க கட்டுரையைப் பத்தி ரூம்ல பேசலாம் வாங்க" என்று விடாமல் வற்புறுத்தும்போது, வெளியூர் மாணவி மின்னஞ்சலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அட்டை கழுத்திலேயே இருக்கும். அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிமுறைகளின்படி, வேறு கல்லூரியிலிருந்து வந்து கலந்துகொள்கிற மாணவரும் பாலியல் துன்புறுத்தல் விஷயத்தில் நடத்துகிற கல்லூரியின் மாணவராகவே கருதப்படுவார். அதனால் அங்கேயே, 3 மாதத்துக்குள், எழுத்தில் புகார் கொடுக்கலாம். இதையும் ஒரு வரியாக அட்டையில் சேர்த்துவிடுங்கள்.

அட்டையில் எண் இருக்கிறவர்மீதே புகார் என்றால் என்ன செய்வது? அதற்காகத்தான் இரண்டு எண்கள். ஒருவராவது அமைப்பாளர் குழுவில் இல்லாதவராக இருக்கட்டும். உடனடி ஆபத்து என்றால் இந்த எண்களுக்காகக் காத்திருக்காமல் 112ஐ அழைக்க வேண்டும். கல்லூரி சாராத அமைப்பு மண்டபம் எடுத்து நடத்தும் பயிலரங்குக்கு யுஜிசி விதி பொருந்தாது. அங்கே 10 பேருக்கும் குறைவாக வேலை பார்த்தால், இத்தகைய புகார்களை விசாரிக்கும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவின் எண்ணைப் போடுங்கள்.