சென்னையில் ஒரு சுயாதீனப் படத்தைத் திரையிடுவது எப்படி

முதலில் அரங்கைப் பிடியுங்கள். பிறகு அதற்கேற்பப் படத்தின் பிரதியைத் தயாரியுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் கடைசி நேரத்தில் சப்டைட்டில் இல்லாமல், வசனம் கேட்காமல் படம் ஓடுகிறது.

இங்கே இரண்டு வகை இடங்கள் உண்டு. கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கம் உள்ள பிரிவியூ தியேட்டர்களில் டிசிபி, அதாவது தியேட்டர் ப்ரொஜெக்டருக்கென்று தயாரிக்கும் டிஜிட்டல் பிரதி, ஓடும். பண்பாட்டு மையங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் பெரும்பாலும் லேப்டாப்பை ப்ரொஜெக்டரோடு இணைத்துத்தான் ஓட்ட வேண்டும். டிசம்பரில் சர்வதேசத் திரைப்பட விழாவும் இசை விழாவும் சேர்ந்து வருவதால், அந்த மாதத்துக்கு இடம் வேண்டுமென்றால் வெகு முன்பே கேட்டு வையுங்கள். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு மூன்றரை மணி நேரம் எடுங்கள். சோதனைக்கு முக்கால் மணி, கலந்துரையாடலுக்கு அரை மணியாவது தேவைப்படும். கூட்டம் வந்து உட்கார்வதற்கும் நேரம் பிடிக்கும்.

சென்சார் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டப்படி பொதுமக்களுக்குத் திரையிடச் சான்றிதழ் வேண்டும். டிக்கெட் விற்கவில்லை என்பதால் மட்டும் அது தனிக்காட்சி ஆகிவிடாது. திரைப்பட விழாக்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு பெற்றே சான்றில்லாத படங்களைத் திரையிடுகின்றன. சான்றிதழ் தரும் சென்சார் வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது; விண்ணப்பம் இணையவழியில்.

இனி டிசிபி. டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளே போதும். 1920×1080 படத்தை தியேட்டருக்கான இரு சட்டக அளவுகளில் ஒன்றான 1998×1080 ஃப்ளாட்டில் வையுங்கள். இரு பக்கமும் 39 பிக்சல் கறுப்பு விழும், அது தவறில்லை. ஸ்கோப் (அகலத்திரை) படத்துக்கு 2048×858. நம்மூரில் 50 ஹெர்ட்ஸ் விளக்கு மினுக்கத்துக்குப் பயந்து நொடிக்கு 25 ஃபிரேமில் எடுப்பவர்கள் அதிகம். ஆனால் தியேட்டரில் படத்தை ஏற்றி ஓட்டும் சர்வர்களில் பழையவை பலவும் 24 மட்டுமே ஏற்கும். 25ஐ 24 ஆக்கினால் 60 நிமிடப் படம் 62.5 நிமிடமாக நீளும், குரலும் சற்றுத் தடிக்கும். ஆகவே சுருதியையும் சரிசெய்ய வேண்டும். நொடிக்கு 23.976 ஃபிரேமில் எடுத்த படங்களில் ஆபத்து வேறு. படத்தை 24க்கு மாற்றிவிட்டு ஒலியை அப்படியே விட்டால், 90 நிமிடம் முடியும்போது உதட்டுக்கும் குரலுக்கும் ஐந்து நொடிக்கு மேல் இடைவெளி விழுந்திருக்கும். முதல் ஐந்து நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு 'சரி' என்பவர்கள் சிக்குவது இதில்தான்.

பார்வையாளரைப் படத்திலிருந்து வெளியே தள்ளுவதில் ஒலிக்கு இணையில்லை. யூடியூபுக்கென்று உரக்க மிக்ஸ் செய்த ஸ்டீரியோவைத் தியேட்டரில் போட்டால் காது வலிக்கும். ஆபரேட்டர் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை, வழக்கமான 7லிருந்து 4க்கு இறக்குவார், அதோடு மெல்லிய வசனங்கள் காணாமல் போகும். தியேட்டருக்குத் தனி மிக்ஸ் செய்யுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஃபேடர் 7இல் கேட்டுச் சரிபார்த்தது. வசனம் நடு ஸ்பீக்கரில் வர வேண்டும். ஸ்டீரியோவாகவே விட்டால் இடது ஓர இருக்கையில் இருப்பவருக்கு எல்லோரும் இடது சுவரிலிருந்து பேசுவது போலிருக்கும். லேப்டாப் அரங்கில் இதற்கு நேர்மாறான சிக்கல்: ஆறு சேனல் கொண்ட 5.1 ஃபைலை இரண்டு ஸ்பீக்கரில் ஓட்டும்போது நடு சேனல் விடுபட்டால் இசை கேட்கும், வசனம் கேட்காது. அங்கே ஸ்டீரியோ பிரதியைத் தனியாகக் கொண்டுபோங்கள்.

சப்டைட்டில் ஆங்கிலமென்றால் தனி ஃபைலாக வைக்கலாம். தமிழென்றால் படத்திலேயே பதித்துவிடுங்கள். தனியாக வைத்தால் சில சர்வர்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். சாய்தளம் இல்லாத கூட்ட அரங்குகளில் முன்வரிசைத் தலைகள் கீழ்வரியை மறைக்கும் என்பதால், அங்கே கொண்டுபோகும் பிரதியில் வரியைச் சற்று மேலேற்றுங்கள்.

டிசிபி வைக்கும் ஹார்டு டிஸ்க்கை லினக்ஸ் வடிவமான ஈஎக்ஸ்டி3 ஆக ஃபார்மட் செய்து, எம்பிஆர் என்ற பகுப்பு முறையில் கொடுங்கள். பென் டிரைவ்களில் வழக்கமான ஃபேட்32 வடிவத்தில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. மேக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க்கைப் பல சர்வர்கள் கண்டுகொள்வதேயில்லை. நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 90 நிமிடப் படம் சுமார் 67 ஜிபி. யூஎஸ்பி 2 வழியே சர்வரில் ஏற்ற நாற்பது நிமிடமாவது ஆகும். அதனால் முந்தின நாளே ஏற்றிவிடுங்கள். சிறிய காட்சிக்கு என்க்ரிப்ஷன் (பிரதியைப் பூட்டுவது) வேண்டாம்: அதைத் திறக்கும் கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவி குறிப்பிட்ட சர்வருக்கும் நேரத்துக்கும் மட்டுமே செல்லும், அரங்கு மாறினால் படம் திறக்காது.

லேப்டாப் அரங்குக்கு நொடிக்கு 20 முதல் 30 மெகாபிட் வரையிலான எச்.264 எம்பி4 போதும். பென் டிரைவிலிருந்து ஓட்டாமல் லேப்டாப்பில் நகலெடுத்து ஓட்டுங்கள். சார்ஜரைச் செருகி, நோட்டிஃபிகேஷனையும் ஸ்க்ரீன் சேவரையும் அணையுங்கள். ஒலி எச்டிஎம்ஐ வழியே போகிறதா, ஆடியோ ஜாக் வழியே போகிறதா என்று அரங்கின் ஆபரேட்டரிடமே கேளுங்கள்.

சோதனையில் தொடக்கம், மிக இருண்ட காட்சி, மிக உரத்த காட்சி, கடைசி ஐந்து நிமிடம் நான்கையும் பார்க்க வேண்டும். கடைசி வரிசையிலும் ஓர இருக்கைகளிலும் உட்கார்ந்து கேளுங்கள். காலி அரங்கில் ஒலி பளிச்சென்று இருக்கும், கூட்டம் நிறைந்ததும் கொஞ்சம் அமுங்கும். அதற்காக ஒரு புள்ளி ஏற்றிவைக்கலாம். ஜெனரேட்டர் இருக்கிறதா, ப்ரொஜெக்டருக்கு யூபிஎஸ் உண்டா என்றும் விசாரியுங்கள். மின்சாரம் போய்த் திரும்பினாலும் விளக்கு சூடு தணிந்து மறுபடி எரியச் சில நிமிடங்கள் பிடிக்கும். கலந்துரையாடலுக்கு இரண்டு மைக் வேண்டும்: ஒன்று இயக்குநருக்கு, இன்னொன்று பார்வையாளர்களிடையே கைமாறிக்கொண்டே இருக்க.