நன்கொடை கொடுக்கவைத்துக் கணக்கியல் கற்பிப்பது எப்படி?

கற்பனை நிறுவனங்களின் கணக்கைப் போடும் மாணவர், இருபுறமும் சமமானதும் அதை மறந்துவிடுகிறார். அதனால் பருவத்துக்கு ஒருமுறை உண்மையான பணத்தையே என் மாணவர்களிடம் ஒப்படைக்கிறேன். எந்தத் தொண்டு அமைப்புக்கு அதைக் கொடுப்பது என்பதைக் கணக்குகளைப் படித்து அவர்களே முடிவு செய்கிறார்கள்.

நிதியைத் துறையிடமோ முன்னாள் மாணவர்களிடமோ திரட்டுங்கள். சிறு தொகை போதும். மாணவர்களிடம் வசூலிக்கவே கூடாது. கொடுக்க இயலாதவர் வகுப்பில் கூனிக்குறுக நேரும். பிறகு ஒவ்வொரு குழுவும் ஓர் அமைப்பிடம் கடந்த 3 ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்குகளைக் கேட்டு வாங்கட்டும். அங்கே ஒரு மாணவரின் உறவினர் பொறுப்பில் இருந்தால் அவர் அதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அந்த மாணவருக்கு வாக்கு கிடையாது.

நிர்வாகச் செலவு குறைந்த அமைப்பே சிறந்தது என்றுதான் எல்லாக் குழுக்களும் முதலில் சொல்லும். மறுத்துப் பேசாமல் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கெழுத ஆள் வைக்காததால்கூட அந்தச் செலவு குறைந்திருக்கலாம்.

அடுத்தது வங்கி இருப்பு. இதற்கு நான் அதிக நேரம் ஒதுக்குவேன். கணக்கில் பணம் நிறைய இருக்கும், ஊழியர் சம்பளமோ பாக்கி நிற்கும். கட்டடத்துக்கென்று வந்த நன்கொடையைச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது என்பதுதான் காரணம். அமெரிக்காவின் நிதிக் கணக்கியல் தர வாரியம் 2016-இல் வெளியிட்ட திருத்தம், லாப நோக்கற்ற அமைப்புகளின் நிகரச் சொத்தை, அதாவது கடன்களைக் கழித்தபின் மிஞ்சும் சொத்தை, நன்கொடையாளரின் கட்டுப்பாடு உள்ளது, இல்லாதது என இரண்டாகக் காட்டச் சொல்கிறது. அதற்குமுன் மூன்று வகைகள் இருந்தன. சம்பளம் வராத ஊழியரிடம் பேசிவிட்டு வந்த மாணவருக்கு இந்தப் பாகுபாட்டை நான் விளக்க வேண்டியதே இல்லை. நம் பணத்துக்கு நிபந்தனை விதிக்கலாமா என்று அவர்களே விவாதிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

வாக்கெடுப்பு முடிந்ததும், கொடுத்தவர் ஏட்டிலும் பெற்றவர் ஏட்டிலும் அந்தத் தொகை எப்படிப் பதிவாகும் என்று எழுதவையுங்கள். விரும்பும் அமைப்புக்கு ரொக்க ஏட்டையும், அந்த ஏட்டின் இருப்பும் வங்கி காட்டும் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் வங்கிச் சரிகட்டும் பட்டியலையும் தயாரித்துத் தரலாம். பயனாளிகளின் பெயர் வெளியே போகாது என்ற உறுதிமொழி அவசியம்.

நிதி கிடைக்காத அமைப்புகளுக்கும் காரணத்தை விளக்கி மரியாதையாகக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் கால் பங்கை அந்தக் கடிதத்துக்கே வைத்திருக்கிறேன்.