லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு நண்பர்களோடு போகிறவர்களுக்கு

பிரான்ஸின் லெ மான் நகரில் நடக்கும் கார் பந்தயத்துக்குத் தனியாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 24 மணி நேரம் ஓடும் பந்தயத்தை ஒரு ஆளால் முழுதாகப் பார்த்து முடிக்க இயலாது. ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். நீங்கள் எங்கே நின்றாலும் ஒரு கார் சில விநாடிகள்தான் கண்ணில் படும். பிறகு மூன்றரை நிமிடம் போல அது காடும் கிராமமும் தாண்டி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருக்க வேண்டும், ஒருவர் வானொலியில் கேட்டதை மற்றவருக்குச் சொல்ல வேண்டும், ஒருவர் வேலிக்கரையில் இடம் பிடித்து வைக்க வேண்டும். அப்போதுதான் இந்தப் பந்தயம் முழுதாகக் கைக்கு வரும்.

எங்கள் கூட்டம் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்த கூட்டம். நான் பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். மற்றவர்கள் லண்டன், சூரிச், டோர்ட்மண்ட் என்று ஆளுக்கொரு திசையில் வாழ்கிறார்கள். கலியாண வீடுகளில் சந்தித்துக்கொள்வோம். அங்கே பந்தி எழும்புவதற்குள் பேச்சும் எழும்பிவிடும். லெ மானில் ஒரு நாள் முழுக்க ஒரே மண்மேட்டில் உட்கார்ந்திருக்கிறோம். பேச்சு ஓய்ந்தால் பார்ப்பதற்கு 62 கார்கள். மறுபடி ஏதாவது ஞாபகம் வந்தால் பேச்சு தொடரும். இப்படி அவசரமில்லாமல் சேர்ந்திருக்க எங்களுக்கு வேறு இடம் அமையவில்லை. அதனால் இந்தக் குறிப்புகளை எல்லாம் காரைவிடக் கூட்டத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

டிக்கெட்

பந்தயம் ஜூன் மாத நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதே நேரத்தில் முடியும். டிக்கெட் விற்பனை முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே ஆரம்பித்துவிடும். 1923இல் தொடங்கிய பந்தயத்துக்கு 2023இல் நூற்றாண்டு விழா நடந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து உச்ச வகுப்புப் போட்டிக்குத் திரும்பிய ஃபெராரி அந்த ஆண்டே வென்றது. அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் மூன்று லட்சத்துக்கும் மேல் மக்கள் வருகிறார்கள். பனி உருகிய பிறகு யோசிக்கத் தொடங்குகிறவருக்கு டிக்கெட் கிடைப்பது கடினம்.

கூட்டத்தில் ஒருவரைப் பொறுப்பாளர் ஆக்குங்கள். நுழைவு டிக்கெட், கூடாரம் அடிக்கும் இடம், வாகனத்துக்கு வேண்டிய அனுமதி எல்லாவற்றையும் அவர் ஒருவரே சேர்த்து வாங்கட்டும். ஆளுக்கு ஆள் தனியாக வாங்கினால் ஒருவரின் கூடாரம் ஒரு கோடியிலும் மற்றவருடையது மறுகோடியிலும் அமைந்துவிடும். நள்ளிரவில் இருவரும் சந்திக்க அரை மணி நேரம் நடக்க வேண்டும். பணத்தை முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடுங்கள். “யோசித்துச் சொல்கிறேன்” என்று சொல்பவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் அவருக்காக விற்பனை நாளைத் தவறவிடாதீர்கள்.

பொது நுழைவு டிக்கெட்டே போதும் என்பது என் உறுதியான கருத்து. மேடை இருக்கைக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். தொடக்கத்தையும் முடிவையும் நன்றாகப் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இருக்கை வாங்கியவர் அதை விட்டு நகர மனம் வராமல் அங்கேயே கிடப்பார். டன்லப் பாலத்திலிருந்து தெர்த்ர ரூஜ் வளைவு வரை சரிந்து இறங்கும் மண்மேடுகளில் பொது டிக்கெட்டோடு நின்று பார்க்கலாம். அந்த இறக்கத்தில் கார்கள் இடமும் வலமுமாக நெளிந்து போவது எந்த இருக்கையிலிருந்தும் அவ்வளவு அழகாகத் தெரியாது.

பாரிஸிலிருந்து வருபவர்களுக்கு மொன்பார்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். லெ மான் நிலையத்திலிருந்து டிராம் வண்டி பந்தயத் திடல் பக்கமே கொண்டுபோய் விடும். கூடாரமும் சமையல் சாமானும் கொண்டுபோகிறவர்கள் மட்டும் காரில் போனால் போதும்.

மூட்டையில் என்ன இருக்க வேண்டும்

காது அடைப்பான் எல்லோருக்கும் இரண்டு சோடி. ஒன்று புல்லுக்குள் விழுந்து தொலையும். ஜூன் மாதம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு வராதீர்கள். பகலில் தோல் எரியும், விடியற்காலையில் பல் கிட்டும். மழைக்கோட்டு கட்டாயம். 2024இல் இரவு முழுக்க மழை கொட்டி, ஆபத்தான நேரத்தில் எல்லோரையும் மெதுவாக ஓட வைக்கும் பாதுகாப்புக் காரின் பின்னால் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகப் பந்தயக் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அன்று நனையாமல் இருந்தவர்கள்தான் அடுத்த நாளைச் சந்தோஷமாகப் பார்த்தார்கள். மடக்கு நாற்காலி, தலையில் மாட்டும் விளக்கு, சின்னதாக ஒரு பண்பலை வானொலி. 91.2 அலைவரிசையில் ரேடியோ லெ மான் ஆங்கிலத்தில் இடைவிடாமல் வர்ணனை தரும். மூன்று லட்சம் பேர் ஒரே இடத்தில் கைப்பேசியைத் திறந்தால் இணையம் படுத்துவிடும். வானொலிக்கு அந்தக் கவலை கிடையாது.

சாப்பாட்டை அங்கே வாங்கியும் சாப்பிடலாம். பொரித்த உருளைக்கிழங்கும் தொத்திறைச்சியும் எங்கும் கிடைக்கும். ஆனால் வரிசை நீளம், விலை அதிகம், இரண்டாம் வேளைக்கே நாக்கு செத்துவிடும். நாங்கள் புறப்படும் முன்பு பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் கடைத்தெருவுக்குப் போய்வருவோம். பருத்தித்துறை வடை பெட்டிப் பெட்டியாக வாங்கலாம். நாள்கணக்கில் மொறுமொறுப்பு குறையாது. சீனிச்சம்பல் வீட்டில் கிண்டியது. வெங்காயம் நன்றாக வதங்கி, நீர் வற்றி, எண்ணெய் பிரிந்து, மாசித்தூளோடு கருஞ்சிவப்பாகத் திரண்டிருக்க வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கினால் குளிர்பெட்டிக்குள் ஞாயிறு வரை தாங்கும். காலையில் கூடாரத் திடலுக்குப் பக்கத்து ஊரில் நீளப் பாண் சூடாகக் கிடைக்கும். அதைப் பிளந்து உள்ளே சீனிச்சம்பல் தடவிச் சாப்பிட்டால் அன்றைய பாதி வேலை முடிந்தது. பக்கத்துக் கூடாரத்து ஆங்கிலேயர்களுக்கும் கொடுங்கள். பதிலுக்கு அவர்கள் பன்றி இறைச்சி வாட்டிக் கொண்டு வருவார்கள், தேநீரும் தருவார்கள். எந்த கார் எந்த ஆண்டில் ஏன் தோற்றது என்ற கதையும் சேர்ந்து வரும்.

சனிக்கிழமைக்கு முந்திய நாள்கள்

விடுமுறை கிடைத்தால் புதன் அல்லது வியாழனே வந்துவிடுங்கள். அந்த இரவுகளில் பயிற்சி ஓட்டம் நடக்கும். கூட்டம் குறைவாக இருப்பதால் எந்த இடத்தில் நின்றால் எது தெரியும் என்று பார்த்துவைக்கலாம். வெள்ளிக்கிழமை பாதையில் பந்தயக் கார்கள் ஓடுவதில்லை. அன்று நகர மையத்தில் ஓட்டுநர்கள் பழைய கார்களில் ஊர்வலமாக வருவார்கள். வாத்தியக் குழு, கொடி, தெருவோரம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிய தகப்பன்மார். நம் ஊர்த் தேரோட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தெரு அந்நியமாகத் தோன்றாது.

அந்த நேரத்தில் நண்பர்களுக்குக் காரின் பக்கவாட்டு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். சிவப்புப் பின்னணி என்றால் வேகம் கூடிய முதல் வகுப்பான ஹைப்பர்கார், நீலம் என்றால் அதற்கு அடுத்த எல்எம்பி2, ஆரஞ்சு என்றால் சாலைக் கார்களை ஒட்டிச் செய்த எல்எம்ஜிடி3. மூன்று வகுப்புகளும் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. மொத்தத்தில் முப்பத்தைந்தாவதாக ஓடும் கார் தன் வகுப்பில் முதலாவதாக இருக்கலாம். இது புரியாமல் வந்த நண்பர் இரண்டு மணி நேரத்தில் சலித்துப்போவார். புரிந்தவருக்கு ஒரே டிக்கெட்டில் மூன்று பந்தயம். ஆளுக்கொரு காரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹைப்பர்கார் ஒன்று, கீழ் வகுப்பில் ஒன்று. “அண்ணா, உங்கள் கார் பிட்டுக்குள் (டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் இடத்துக்குள்) வந்துவிட்டது” என்று ஒருவர் வந்து சொல்ல, மற்றவர் சாப்பாட்டுத் தட்டோடு ஓடுவதற்கு அது போதும்.

நம்மவர் யாரும் இங்கே ஓடவில்லையா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2009இல் ஆடி (Audi) கார் அணி ஒன்றில் இடம்பெற்றிருந்தார். பந்தயத்துக்குச் சற்று முன்பு தோள்பட்டை விலகியதால் அவரால் ஓட்ட முடியாமல் போனது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012இல் ஓட்டினார். அவருடைய அணி ஒட்டுமொத்தமாக ஆறாவது இடத்தில் முடித்தது.

பந்தயமும் முறைவைப்பும்

ஒவ்வொரு காருக்கும் மூன்று ஓட்டுநர்கள். ஆறு மணி நேரத்தில் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பார்க்க வருகிறவர்களும் முறைவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வற்புறுத்தல். எல்லோரும் விடியும் வரை விழித்திருப்போம் என்று சபதம் எடுத்தால் அதிகாலை மூன்று மணிக்கு எல்லோரும் ஒன்றாகச் சரிந்துவிடுவார்கள். இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒரு சோடி இரவு 10 மணிக்கே தூங்கப் போய் 2 மணிக்கு எழும்பட்டும். அவர்கள் வந்ததும் அடுத்த சோடி போகட்டும். மாறும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி, நடந்ததை முழுதாகச் சொல்லிக் கொடுங்கள்: யார் முன்னால், யாருக்கு டயர் வெடித்தது, எந்த காரைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். சோடிகளை நீங்களே அமையுங்கள். ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்து, பல வருடம் பேசிக்கொள்ளாமல் போன இருவரை எங்கள் கூட்டத்தில் வேண்டுமென்றே ஒரே சோடியாக்கினோம். விடிந்தபோது அவர்களைப் பிரித்துச் சாப்பிடக் கூப்பிடுவதே பெரும் பாடாகிவிட்டது.

ஜூன் நடுவில் அங்கே சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும். இருட்டியதும் முக்கிய மேடைப் பக்கத்தை விட்டு ஆர்னாஜ் வளைவுக்கோ முல்சான் வளைவுக்கோ போங்கள். ஏற்பாட்டாளர்கள் விடும் பஸ் இருக்கும். முல்சான் வளைவுக்கு முன்னால் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நேர்ப்பாதை. 1990இல் அதன் நடுவே இரண்டு நெளிவுகளை வைத்தார்கள், ஆனாலும் கார்கள் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டித்தான் வருகின்றன. முதலில் மரங்களுக்கு மேலே வெளிச்சம் வெளுக்கும். அடுத்து விளக்கு. பிறகு ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பார். சக்கரத்துக்குள்ளே பிரேக் தட்டு மங்கலாகச் சிவந்து, ஒரு கணத்தில் ஆரஞ்சாகி, கார் வளைந்து திரும்பும்போது கறுத்துப்போகும். கியர் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் நெஞ்சுக்கூட்டில் தட்டும். சூடான பிரேக்கின் வாசனையும் பைன் மரக் காட்டின் ஈரமும் கலந்து வரும். இதைப் பத்து நிமிடம் பார்க்கத்தான் போவீர்கள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி நடப்பீர்கள்.

அங்கே ஒரு விளையாட்டு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்து காரைச் சொல்ல வேண்டும். காடிலாக்கின் 5.5 லிட்டர் வி8 எஞ்சின் அடித்தொண்டையில் உறுமும். 2025இல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் வால்கைரியின் 6.5 லிட்டர் வி12 வானத்தைக் கிழிக்கும். ஃபெராரியும் டொயோட்டாவும் டர்போ வி6. அமுங்கிய குரலில் விசிலடித்துப் போகும். நேற்றுவரை காரைப் பற்றி எதுவும் தெரியாதவர் விடிவதற்குள் கண்ணை மூடியபடி சரியாகச் சொல்வார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நேர்ப்பாதையின் ஓரத்தில் பார்வையாளர்கள் நிற்க அனுமதி இல்லை. காட்டு வழியே புகுந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். 1955இல் இதே பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர்கள் நடுவே பாய்ந்து 80 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். வேலி எதற்கு என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஆறு மணி அளவில் சூரியன் எழும்பும். அந்த நேரத்தில் முழுக் கூட்டமும் ஒன்றாக இருக்கும்படி முறைவைப்பை அமையுங்கள். குளிர்ந்த காற்றில் இயந்திரங்கள் நன்றாக மூச்சு விடும், பாதையில் ரப்பர் படிந்து டயர்கள் பிடிக்கும், சுற்று நேரங்கள் குறையும். கார்களின் முகத்தில் பூச்சியும் எண்ணெயும் அப்பிக் கிடக்கும். இஞ்சித் தேநீரோடு அதைப் பாருங்கள்.

ஞாயிறு

மதியத்துக்குள் கூடாரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் யாரும் எதற்காகவும் வேலியை விட்டுப் போகக் கூடாது. 2016இல் முன்னணியில் ஓடிய டொயோட்டா, சில நிமிடங்களே மீதம் இருந்தபோது சக்தி இழந்து தொடக்கக் கோட்டின் அருகிலேயே நின்றுபோனது. போர்ஷ் வென்றது. டொயோட்டாவின் கடைசிச் சுற்று நேர வரம்பைத் தாண்டிவிட்டதால் முடித்தவர்கள் பட்டியலில்கூட அதற்கு இடம் கிடைக்கவில்லை. வென்ற போர்ஷ் அணியே டொயோட்டாவுக்கு மரியாதை தெரிவித்தது. வெளியேறும் நெரிசலுக்குப் பயந்து அரை மணி நேரம் முன்பே கிளம்பியவர்களுக்கு அந்தக் கதை வானொலியில்தான் கிடைத்திருக்கும்.

கொடி விழுந்ததும் வேலிக் கதவுகள் திறந்து, கூட்டம் பாதைக்குள் இறங்கி வெற்றி மேடையை நோக்கி ஓடும். நீங்களும் இறங்குங்கள். தார் இன்னும் சூடாக இருக்கும். காலடியில் உதிர்ந்த ரப்பர் துண்டுகள் ஒட்டும்.

வீடு திரும்பும்போது காரை ஓட்டப்போகிறவர் யார் என்பதை வெள்ளிக்கிழமையே முடிவு செய்திருக்க வேண்டும். அவருக்கு இரவு முறையில் மற்றவர்களைவிட நீண்ட தூக்கம் கொடுத்திருக்க வேண்டும். அவர் “எனக்குத் தூக்கம் வரவில்லை” என்று சொன்னாலும் படுக்க அனுப்புங்கள். வெளியேறும் பாதைகள் மாலை முழுக்க அடைத்துக் கிடக்கும். எங்கள் கூட்டம் ஞாயிறு இரவும் திடலிலேயே தங்கி, மிச்சமிருக்கும் வடையைத் தின்று தீர்த்துவிட்டுக் காலையில்தான் பிரிகிறது. அதனால் வேலை இடத்தில் விடுப்புக் கேட்கும்போது திங்கட்கிழமையையும் சேர்த்தே கேளுங்கள்.