ஓலைச்சுவடிக்கு அளவெடுத்து ஒரு பெட்டி

காய்ந்த ஏடு ஒடியப் பெரிய விபத்து எதுவும் வேண்டாம். அலமாரியிலிருந்து எடுக்கும்போது இரண்டு விரல் ஓரத்தை அழுத்திப் பிடித்தாலே முனை உதிர்ந்து கையோடு வந்துவிடும், அதிலிருந்த எழுத்தும் சேர்ந்து. அதனால் விரல் ஏட்டில் படாமலே சுவடியை வெளியே எடுக்க விடுவதுதான் நல்ல பெட்டி. முன்சுவர் சரிந்து திறக்கும்படி ஒன்று செய்வோம்.

தேவையானவை: 1.5 மி.மீ. அமிலமில்லா அட்டை, 6 மி.மீ. வெள்ளைப் பாலித்தீன் நுரைத்தாள், பருத்தி நாடா, கஞ்சி போகத் துவைத்த காடாத்துணி, அமிலமில்லா வெள்ளைப் பசை. அட்டையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரணப் பழுப்பு அட்டை நாளாக நாளாக அமிலம் கசிந்து உள்ளே இருப்பதையும் கெடுக்கும். மஞ்சள் ஸ்பாஞ்சும் வேண்டாம், பிசுபிசுத்துப் பொடியாகிவிடும்.

1. பூச்சி இருக்கிறதா? சுவடிக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்து ஓர் இரவு வையுங்கள். காலையில் தாளில் புதிதாக மாவு போல் பொடி உதிர்ந்திருந்தால் பெட்டி வேலையை நிறுத்திவிட்டு, சுவடியைத் தனியே வைத்துச் சுவடிப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

2. அளவு. என் முதல் பெட்டியில் மேலேட்டை மட்டும் அளந்தேன். நடுவில் ஓர் ஏடு அரை விரல் நீண்டிருந்தது, சுவடி உள்ளே இறங்கவே இல்லை. நல்லவேளை, அழுத்திப் பார்க்கவில்லை. ஆகவே ஏடுகளுக்கு மேலும் கீழும் வைத்துக் கட்டியிருக்கும் சட்டங்களோடு சேர்த்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் பல இடங்களில் அளந்து, பெரிய எண்ணை எடுங்கள். கயிற்றை இறுக்கி அளக்காதீர்கள், கட்டு தளர்வாகவே இருக்கட்டும்.

3. கணக்கு. சுவடி 380 × 40 × 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நீளத்திலும் அகலத்திலும் இருபக்க நுரைக்கு 12, தளர்வுக்கு 4 கூட்டினால் 396 × 56. உயரத்தில் அடிநுரை 6, மேலே இடைவெளி 4 கூட்டினால் 70. நான்கு சுவர்களையும் சேர்த்தால் அட்டை 536 × 196. மூடிக்கு நீளத்திலும் அகலத்திலும் 8 மி.மீ. கூடுதலாக, 544 × 204.

4. வெட்டி மடித்தல். அட்டையை லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் திசையில் நீள மடிப்புகள் வரட்டும். அடிஸ்கேல் வைத்து, கரண்டிக் காம்பின் மழுங்கிய முனையால் கோட்டை இரண்டு மூன்று முறை அழுத்தி இழுத்தபின் மடித்தால் அட்டை வெடிக்காது. நான்கு மூலைச் சதுரங்களில் முன்பக்கத்து இரண்டையும் முழுவதும் வெட்டி எடுத்துவிடுங்கள். பின்பக்கத்து இரண்டிலும் பின்சுவரை ஒட்டிய கோட்டை மட்டும் வெட்டி, சதுரத்தைக் குறுஞ்சுவரின் காதாக விட்டுப் பின்சுவரின் வெளிப்புறம் ஒட்டுங்கள். முன்சுவர் ஒட்டாமல் சரியும், மூடி போட்டதும் நிமிர்ந்து நிற்கும். மூடிக்கு நான்கு மூலையும் ஒட்ட வேண்டும்.

பசை முழுதாகக் காய ஒரு வாரமாவது திறந்து வையுங்கள். அவசரப்பட்டால் அந்த ஈரம் ஏட்டுக்குத்தான் போகும்.

5. உள்ளே. அடியிலும் சுவர்களிலும் நுரை பதித்து, காடாத்துணி விரியுங்கள். அதன்மேல் குறுக்காக இரண்டு நாடா, நுனிகள் வெளியே நீளும்படி. சுவடி அந்த நாடாக்களின்மேல் அமரும். எடுக்கும்போது முன்சுவரைச் சரித்து, நாடாக்களை மெல்ல இழுத்தால் சுவடி தானாக நகர்ந்து வரும். பழைய சிவப்புத்துணி சுற்றியிருந்தால் சாயம் இறங்கலாம், நடுவே ஒரு வெள்ளைத்துணி கொடுங்கள்.

அப்புறம், வசம்பு வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதைத் துணியில் முடிந்து அலமாரியில் வையுங்கள், பெட்டிக்குள் வேண்டாம். சுவடி எண், நூல் பெயர், ஏடுகளின் எண்ணிக்கை மூன்றையும் வெளியே தெரியும் குறுஞ்சுவரில் பென்சிலால் எழுதி, பெட்டியைப் படுக்கை வசமாக வையுங்கள்.